துடக்கு நாளில் கொத்திய துண்டு

உரும்பிராய்ச் செம்மண்ணில் பிறந்த எங்கள் அண்ணா, மெல்பேர்னில் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு முப்பத்தொரு நாள்.

அப்பா இறந்தபோது அண்ணாவுக்குப் பதினெட்டு வயது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அவர் பின்னால் தோட்டம் கொத்தப் போனேன். வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாளும் துடக்கு. அதுவரை விதை தொடக்கூடாது என்பதில் அண்ணா கண்டிப்பானவர். அந்த முறை வெங்காயம் நடும் காலமே தவறிப்போயிற்று. பசி கிடந்தோம். அவர் அசையவில்லை.

இங்கே வந்து மரக்கறிக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி, என்னையும் அழைப்பித்தார். பல வருடம் காத்திருந்து, கிளேட்டன் பக்கம் பொதுத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் அவருக்குக் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் படுத்தபடியே குளிர்காலத்துக்குத் திட்டம் போட்டார். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பாத்திகளைக் கீறித் தந்தார்.

"கரையில பட்டாணி, நடுவில உள்ளி. போன வருசம் முட்டைக்கோவா நிண்ட இடத்தில திரும்பவும் கோவா வைச்சிடாதை."

"பனி கொட்டினா, அண்ணா?"

"உன்ர பயம்தான்ரா எல்லாக் காலத்திலயும் விளையுது." சிரித்தவர், என் கையைப் பிடித்தார். "துண்டை விட்டிடாதை."

அதிலிருந்து நான்காம் நாள் போய்விட்டார்.

பொதுத் தோட்டத்துச் சட்டப்படி, மே மாதம் முடியுமுன் கொத்தி நடாத துண்டு, காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். எங்களுக்கோ ஜூன் வரை துடக்கு. அவகாசம் கேட்டிருக்கலாம், மறுத்துவிடுவார்களோ என்று அதற்கும் பயந்தேன். தாளோடு போய் வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். இப்படி மூன்று நாள்.

பக்கத்துத் துண்டுக்கார அன்ரி மன்னார்க் கத்தோலிக்கர். மூன்றாம் நாள் என்னைக் கண்டு விசாரித்தார், சொன்னேன்.

"உமக்குத்தானே துடக்கு, எனக்கென்ன? நீர் அங்கயே நிண்டு வாசியும். நான் கொத்திறன்."

முழங்கால் நோவோடு இரண்டு பின்னேரம் கொத்தி நட்டார்.

"உள்ளி எவ்வளவு ஆழம்?"

"ரெண்டு விரல், அன்ரி. மூண்டு எண்டா நல்லமோ தெரியாது…"

"அண்ணன் ரெண்டெண்டா ரெண்டுதான். பேசாமல் அடுத்ததை வாசியும்!"

அண்ணாவைக் கண்போல் பராமரித்த அண்ணிக்கும், இந்த நாட்களில் எங்கள் குசினிச் சமையலைத் தங்கள் கையில் எடுத்த உறவுகளுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. அன்ரிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

பட்டாணி முளைத்துவிட்டதாம். இன்றோடு துடக்குக் கழிகிறது. நாளை காலையில் நானே தண்ணீர் விடப் போவேன்.

அண்ணா, துண்டு எங்களிடம்தான் இருக்கிறது.

தம்பி