சாகவேண்டிய வரிசை

தேர்வெழுதப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியபோது, என் கொண்டைக்கடலைப் பாத்தி முழுக்கப் பச்சையாக நின்றது. அப்படி நின்றிருக்கக் கூடாது. செம்பரம்பாக்கத்தில் கிடங்குகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த எங்கள் ஆய்வுப் பண்ணையில் அதுதான் நோய்ப் பாத்தி. வேரழுகல் பூஞ்சையை மண்ணில் வேண்டுமென்றே வளர்த்து, மண் காய்ந்தால்தான் அது தாக்கும் என்பதால் பூக்கும் நேரத்தில் தண்ணீரை நிறுத்தி, எந்த ரகம் தாங்குகிறது என்று பார்க்கும் இடம். நான்கு வரிசைக்கு ஒரு வரிசை, எளிதில் சாகும் ரகத்தை விதைப்போம். அது செத்தால்தான் நோய் வேலை செய்ததாகப் பொருள். அதுவே பிழைத்துவிட்டால் மற்றவை பிழைத்ததற்கு மதிப்பில்லை. நானே மகரந்தம் சேர்த்து உருவாக்கிய பதினேழாம் எண் ரகத்தை நம்பித்தான் என் முனைவர் பட்டம் இருந்தது.

தண்ணீர் பாய்ச்சும் அண்ணன் குழாயோடு சிரித்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா முறைக்கிற? ஒண்ணாச்சும் செத்துச்சா பாரு. நீ பாட்டுக்குக் காயவுட்டுட்டுப் பூட்ட, நான் பாத்துகினு கீறதா?"

தண்ணீர் விடாதே என்று பலகை நட்டிருந்தேனே என்று கத்தினேன்.

"பாத்தேனே. எய்த்து முத்து முத்தா கீது. எனக்கின்னா இங்கிலீஷா தெரியும்?"

அம்பத்தூரில் மூட்டை தூக்கும் அப்பாவுக்குப் பிறந்து, வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையில் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். அவர்மேல் வந்த கோபம் பாதியில் என்மேல் திரும்பியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பூக்கும் வாரம் போனால் அந்த வருடமே போனது.

மறுவருடம் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதன்பின் யாரையும் குழாயோடு பாத்தி அருகே விடவில்லை அவர். ஆனால் டீக்கடையில், "அந்தப் பொண்ணுக்கு மனசு கல்லு" என்று சொல்லிவைத்தார். வெயில் ஏறியது. சாகவேண்டிய வரிசைகள் வைக்கோல் நிறத்தில் சாய்ந்தன. பிடுங்கினால் பக்கவேர் ஒன்றுகூட இல்லாமல் கறுத்த ஆணிவேர் மட்டும் ஒடிந்து வந்தது. நடுவே பதினேழு பச்சையாக நின்றது. துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பக்கத்தில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, இது ஒண்ணு நிக்கும்னு காட்டத்தான் இத்தினியும் கொன்னியா?"

இந்த விதை போகப்போகும் வயல்களில் எத்தனை செடி பிழைக்கும் என்று விளக்க வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை, காய்ந்த செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கிவிட்டேன். இன்றும் நோய்ப் பாத்தியில் தண்ணீரை நிறுத்தச் சொல்லும்போதெல்லாம், யாரும் கேட்காமலே ஏன் என்று விளக்கத் தொடங்கிவிடுகிறேன்.