காலை எடுத்தால் வரும் சத்தம்

அறுபதுகளின் தொடக்கத்தில் என் அக்காள் கணவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். மலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையை ஒட்டிய உயரம். விருதுநகர் பஜாரில் அது போனால் மூட்டை தூக்குகிறவர்கள், "ஏலே, தவளை போகுதுலே" என்பார்கள்.

அத்தானுக்கு நாரணாபுரத்துக்கு அப்பால் பட்டாசுக் கம்பெனி இருந்தது. எனக்கு விருதுநகரில் எண்ணெய் மில். கம்பெனியில் சிறு பங்கு இருந்ததால் நானும் அடிக்கடி அங்கே போவேன். அந்தக் கேட்டுக்குள் எந்த வண்டியும் நுழையாது. லோடு ஏற்ற வரும் லாரி ரோட்டிலேயே நிற்கும். பெட்டிகள் தலைச்சுமையாக வெளியே வரும். அத்தானின் கார் மட்டும் கேட்டைத் தாண்டி, வெடிகள் காயும் களத்தின் ஓரமாக, ஆபீஸ் வாசல்வரை போய் நிற்கும். முதலாளி வண்டி. யாரும் எதுவும் சொன்னதில்லை.

பங்குனியில் எஞ்சின் கோளாறு செய்யத் தொடங்கியது. மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, என் மில் கொட்டகையில் காரைக் காட்டினோம். அன்று பார்த்து அது ஒழுங்காக ஓடியது.

"நல்லாத்தானே ஓடுது? என்னதான் செய்யுது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"சத்தம் போடுது," என்றார் அத்தான்.

"எப்ப?"

"ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுக்கும்போது."

மெக்கானிக் தலையை ஆட்டினார். அடியில் பேரிங் தேய்ந்து தட்டுகிறது என்றார். எஞ்சினை முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றிப் புதுசாக்கலாம். இல்லையென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பழைய ஜீப் எஞ்சினை வைக்கலாம்.

"ஜீப் எஞ்சினை வச்சு இதை ஓட்டுறதுக்கு, நான் மாட்டு வண்டியே ஓட்டிருவேன்," என்றார் அத்தான். பிரித்துச் செய்வதே முறை என்று எனக்கும் பட்டது.

எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற வீடுகளில் 'வெடித்தது' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விபத்து நடந்தால், "கிழக்க சத்தமாம்" என்பார்கள். அது போதும், தெருவே வாசலுக்கு வந்துவிடும். அத்தான் சொன்ன சத்தம் அந்தச் சத்தம். மெக்கானிக்குக் கேட்டது வேறு. இரண்டுக்கும் நடுவே நின்ற எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

வைகாசியில் எஞ்சின் திரும்பி வந்தது. புகை இல்லை, அதிர்வு இல்லை. அத்தான் என்னையும் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் புறப்பட்டார். வழி நெடுக வெயில்; கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. பையிலிருந்த தீப்பெட்டியைக் காவலாளியிடம் கொடுக்க நான் கேட்டில் இறங்கினேன். கார் உள்ளே போனது. திருப்பத்தில் அத்தான் வேகத்தைக் குறைத்தார்.

சைலன்சரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நீலமாய் நெருப்பு வந்து மறைந்தது. கூடவே சத்தம்.

களத்தில் குனிந்து வெடிகளைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஒருத்தியும் காரைப் பார்க்கவில்லை. புகையைத் தேடி நாலு பக்கமும் அறைகளின் கூரையைப் பார்த்தார்கள். "எங்கன? எங்கன?" என்றாள் ஒருத்தி.

"இது முந்தியும் இப்படித்தான அய்யா," என்றார் காவலாளி மெதுவாக. "மொதலாளிட்ட போயி யாரு சொல்லுறது?"

மெக்கானிக் மறுபடி வந்தார், இந்தத் தடவை அத்தான் வீட்டுக்கு. விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"சத்தம்னா தட்டுற சத்தம்னு நெனச்சேன். வெடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

காபி கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். மெக்கானிக் எஞ்சினின் மேல்பாகத்தைத் திறந்தார். வால்வு உட்காரும் இடத்தில் மயிரிழை விரிசல். அங்கே எரியாத பெட்ரோல், சைலன்சர் குழாய்க்குப் போய்ப் பற்றிக்கொள்கிறது என்றார். அடியில் செய்த வேலையெல்லாம் வீண்.

"இதை வேணா பத்த வச்சுப் பாக்கலாம்," என்றார். விரிசலை வெல்டிங் செய்வதைத்தான் சொன்னார்.

"அந்தப் பேச்சை இங்கன பேசாதீக," என்றாள் அக்கா.

"பத்த வச்சா நிக்குமா?" என்று நான் கேட்டேன்.

"நிக்கலாம். சூட்டுல மறுபடி விரிசல் விடவும் செய்யலாம். என்னைக் கேட்டா எஞ்சினை மாத்திருங்க."

அக்கா அத்தானைப் பார்த்தாள். "எந்த எஞ்சினையும் வைங்க. இல்ல, இதே இருக்கட்டும், வண்டியைக் கேட்டுக்கு வெளிய நிறுத்துங்க. அம்புட்டுப் பேரு உள்ள இருக்காக."

"மொதலாளி கேட்டுல இறங்கி நடந்து போகவா? நல்லாருக்கு. வெல்டிங்கே வைங்க மாஸ்டர்."

வெல்டிங் முடிந்து அத்தான் முதல் தடவையாகக் கம்பெனிக்கு ஓட்டியபோது நானும் கூடப் போனேன். கேட்டில் இறங்கி அங்கேயே நின்றேன். கார் களத்தை நெருங்கியதும் பெண்கள் எழுந்தார்கள். சாக்குகளில் காயும் வெடிகளை அப்படியே விட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வேலிக்கு வெளியே நடந்தார்கள். யாரும் ஓடவில்லை.

ஆள் இல்லாத களத்தின் ஓரத்தில் அத்தான் மட்டும் காரோடு இருந்தார். ஆபீஸ் வாசல் வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஆபீஸைச் சுற்றி மறுபடி களத்துப் பக்கம் வந்தது வண்டி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிறுத்த வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும். வெல்டிங் நிற்குமோ நிற்காதோ. முகம் வெளிறி, ஒரே வேகத்தில், காலை அசைக்காமல் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டை முழுக்கத் திறக்கச் சொன்னேன். கார் என்னைக் கடந்து ரோட்டுக்குப் போய், வெறுங்கரிசல் நடுவே வெகுதூரம் ஓடியது. பிறகு அங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது.

அத்தான் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கழட்டிரச் சொல்லு மாப்ள. எதை வேணும்னாலும் வைக்கட்டும்."

அவர் ஆபீசுக்குள் போய் உட்கார்ந்த பிறகும் பெண்கள் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். லாரியில் கயிறு கட்டி, காரை விருதுநகர்ப் பக்கம் இழுத்துப் போகும்வரை ஒருத்தியும் களத்துக்குத் திரும்பவில்லை.