ட்ரெட்மில்லில் அப்பாவின் நடை

கடையில் தந்த அச்சுச் சீட்டின் தலையில் 'அக்டோபர் 18, சனிக்கிழமை' என்று இருக்கிறது. அதன் கீழே என் இரண்டு பாதங்களின் படம். பாரம் அழுந்தும் இடங்கள் சிவப்பு, மற்றவை நீலம். இடது பாதத்தில் இரண்டு நிறமும் பரவலாகக் கலந்திருக்க, வலது பாதத்தின் வெளி ஓரம் மட்டும் குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒரே சிவப்பு. கனடாவில் ஹாமில்டன் நகரத்தில் ஓட்டக்காரர்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு ஷூ கடை அது. நான் ஓடுகிறவன் அல்ல. உணவுத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி வேலை. சில மாதங்களாகக் காலையில் எழுந்து தரையில் கால் வைத்ததும் வலது குதிகாலில் ஆணி இறங்குவதுபோல் வலி. மருத்துவர்தான் அங்கே போய் அளவெடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஊரில் செருப்பு வாங்கிய விதம் உங்களுக்குத் தெரியும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஏதாவதொரு கடையில் 'எட்டு' என்று சொன்னால் எட்டு வரும். நாமே குனிந்து மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்ப்போம். இங்கே லின்டா என்ற பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார். நான் யோசிப்பதற்குள் என் வலது காலைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். என்னைவிட மூத்தவருடைய மடியில் என் கால்! வெடுக்கென்று இழுத்த வேகத்தில் பெருவிரல் அவர் முழங்கையில் இடித்துவிட்டது. அவ்வளவுதான், கை தானாகப் போய் அவர் முழங்கையைத் தொட்டது. தொட்ட விரல்களை என் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். லின்டா பதறி எழுந்தார். "தலை சுற்றுகிறதா? அவ்வளவு வலியா?" என்று கேட்டு ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தார். கால் பட்டால் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம் என்று விளக்கினேன். "நாள் முழுக்கப் பாதங்களைத் தொடுவதுதான் என் வேலை. அப்படியென்றால் என்னிடம் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்க வேண்டும்!" என்று சிரித்துவிட்டு மறுபடி காலை மடியில் எடுத்துக்கொண்டார்.

பிறகு வெறுங்காலோடு ட்ரெட்மில்லில் நடக்கச் சொன்னார். பின்னால் ஒரு கேமரா, முழங்காலுக்குக் கீழே மட்டும் படம் பிடித்தது. நடந்து முடித்ததும் அதை மெதுவாக ஓடவிட்டு ஒரு திரையில் காட்டினார். யாருமே தன் நடையைப் பின்னாலிருந்து பார்ப்பதில்லை. நானும் அன்றுதான் பார்த்தேன். திரையில் நடந்துகொண்டிருந்தவர் என் அப்பா. வலது கால் ஒவ்வோர் எட்டிலும் லேசாக வெளியே வளைந்து, ஒரு கணம் காற்றில் தயங்கி, ஓரத்தால் தரையைத் தொட்டது. அப்பாவுக்கு இன்னும் பலமாக வளையும், நொண்டுகிறார் என்று தூரத்திலேயே தெரியும். வளைவு மட்டும் அச்சாக அதுவேதான். சீவலப்பேரியில் வயல் வரப்பில் அவர் பின்னால் நடந்து நடந்து எனக்கு மனப்பாடமான வளைவு.

"வலது கால் சற்றுக் குட்டையாக இருக்கலாம். நான் டாக்டர் இல்லை, காட்டிப் பாருங்கள்," என்றார் லின்டா. "சின்ன வயதில் அடிபட்டதா?" இல்லை என்றேன். "அப்படியானால் பிறவியிலேயே இருந்திருக்கும். வீட்டில் வேறு யாராவது இப்படி நடப்பார்களா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்வி. ஆனால் அப்பாவின் காலுக்கு எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் சித்தப்பா. குடும்பத்தின் நிகழ்ச்சிகளைத் தேதி வாரியாக எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதில் இது நான் பிறப்பதற்கு முந்தியது: மாசி மாதம், பிசான நெல் அறுப்பு முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை மாலை. கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்ட அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளில் ஊர் திரும்புகிறார்கள். மிதித்தவர் சித்தப்பா, கேரியரில் அப்பா. வாய்க்கால் பாலத்தில் சைக்கிள் கவிழ்ந்து அப்பாவின் வலது கால் முறிந்தது. கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை, அதனால் நொண்டல். கல்யாண வீடுகளில் யாராவது, "என்ன அண்ணாச்சி, தம்பி ஓட்டுன சைக்கிள விட்டு இன்னும் எறங்கலியா?" என்று அப்பாவைக் கேட்பார்கள். "அவன் நிறுத்தினால்லா எறங்க," என்பார் அப்பா. பந்தியே சிரிக்கும். சித்தப்பா மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார். அந்த விபத்துக்குப் பின் அவர் சைக்கிளைத் தொட்டதே இல்லை. தம் வயலுக்கு முன்னால் எங்கள் வயலில் நடவு முடிப்பார். எங்கே போனாலும் அப்பாவின் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக்கொண்டு கூடவே போவார். அப்பா காலமான பிறகும் அவர் அப்படித்தான், பைய நடக்கிறார்.

அவர் செய்யாத ஒன்றையா இத்தனை காலம் சுமந்தார்? ஷூ பெட்டியோடு காரில் உட்கார்ந்து உடனே சித்தப்பாவை அழைத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

"என்னலே, தீவாளி திங்கக்கெழமல்லா? இப்பமே கூப்பிடுத?"

"ஒரு ஷூ கடைக்கு வந்தேன் சித்தப்பா."

"அதுக்கு என்கிட்ட எதுக்குலே கேக்க? ஒன் கால் அளவு எனக்கா தெரியும்?"

நடந்ததைச் சொன்னேன். சித்தி முறுக்குச் சுடும் எண்ணெய்ச் சத்தம் பின்னால் கேட்டது.

"அந்தப் பொம்பள டாக்டரா?"

"இல்ல, கடைல வேல பாக்காங்க."

"செருப்பு விக்கவ சொல்லுதான்னு நீ எனக்குச் சொல்லுதியாக்கும்."

"அப்பா விழுறதுக்கு முன்ன எப்படி நடந்தாங்க சித்தப்பா? நீங்க கூடவே இருந்தீங்கள்லா?"

"கூட நடக்கவன் எவம்லே காலப் பாப்பான்? விழுந்த பொறவுதான் நான் அண்ணன் காலப் பாக்கவே ஆரம்பிச்சேன்."

நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் குரல் உயர்ந்தது. "பொறவியிலேயே அப்படின்னா, நான் இவ்வளவு நாளும் எதுக்குலே அவன் கூடயே நடந்தேன்? நீதான் எல்லாத்தையும் எழுதி வைப்பியே, அதையும் எழுது." பிறகு குரல் தணிந்து, "அந்தக் காலுனாலதாம்லே அண்ணன் என் தோளப் பிடிச்சான். அத்தைகிட்ட ஒண்ணும் கேட்டுட்டு இருக்காத, என்ன?" என்றார். சரி என்று சொன்னேன். "நல்ல செருப்பா எடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அத்தை பத்தமடையில் இருக்கிறார். அப்பாவுக்கு மூத்தவர், நினைவு தெளிவானவர். அப்பா நடக்கப் பழகியதைப் பார்த்தவர்களில் இன்று இருப்பவர் அவர் ஒருவர்தான். நான் இதுவரை கேட்கவில்லை. அப்பாவின் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். விழுவதற்கு முன் எடுத்த எல்லாவற்றிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார், அல்லது அசையாமல் நிற்கிறார்.

புது ஷூவுக்குள் லின்டா வைத்துத் தந்த தடித்த அட்டை என் வலது காலை ஓரத்துக்குச் சாயவிடாமல் பிடிக்கிறது. வலி குறைந்துவிட்டது. ஹாமில்டன் தெருக்களில் இப்போது நேராக நடக்கிறேன். மாலையில் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிறேன். கதவிலிருந்து அடுக்களைக்குப் போவதற்குள் கால் தன் பழைய வளைவுக்குத் திரும்பிவிடுகிறது. நான் தடுப்பதில்லை.

என் குறிப்பில், அந்த மாசி வெள்ளிக்கிழமைக்குக் கீழே இவ்வளவுதான் சேர்த்திருக்கிறேன்: கால் முறிந்தது உண்மை. அதற்கு முன் அப்பா எப்படி நடந்தார் என்பது உறுதி செய்யப்படவில்லை.