கோட்டுக்குள் இருந்த வார்

பூவாயிக்கு ஆடத் தெரியாது. தூக்கத் தெரியும், புரட்டத் தெரியும், விழப்போகும் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு நொடி முன்னதாகத் தெரியும். அம்பகரத்தூரில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். புருஷன் ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்து செத்த பிறகு, இதையே வேலையாகச் செய்தால் என்ன என்று காரைக்காலுக்கு பஸ் ஏறி ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் பயிற்சி எடுத்தாள். அப்போது வயது நாற்பத்தெட்டு. இப்போது அறுபத்திரண்டு. இடையில் எட்டு வீடுகள். ஏழு வீட்டில் ஆள் இறந்ததோடு வேலை முடிந்தது. ஒரு வீட்டில் மகன் அப்பாவைத் தன்னோடு சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பதாவது வீடு காரைக்காலில், வைத்தியலிங்கத்தினுடையது. ஊரில் அவரைச் சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய், என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் கவியா, பிரான்சிலேயே குடும்பமாக இருக்கிறாள். எழுபத்தெட்டு வயதில் பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டபோது பூவாயி வந்தாள். முதல் மாதம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதே பெரும்பாடு. பதினோராம் மாதம் வாசல் கேட்டு வரை நடந்தார். ஆனால் திரும்பும்போது மட்டும் இடது முட்டி சொல்லாமல் மடங்கும். அதற்காகத்தான் வார். தடித்த துணியில் இரண்டு பக்கமும் பிடி வைத்துத் தைத்தது. அதை இடுப்பில் கட்டாமல் அவரை நிற்க வைப்பதில்லை என்பது பூவாயியின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கவியா வீடியோவில் வருவாள். அப்பா தேறிவிட்டாரே, இன்னும் முழுநேர ஆள் வேண்டுமா என்று நயமாகத்தான் கேட்பாள். நடக்கிறார், ஆனால் முட்டி மடங்குகிறது, இன்னும் ஆறு மாதமாவது ஆள் வேண்டும் என்று பூவாயி உள்ளதைச் சொல்வாள். ஊரில் வேறு வீடு உடனே கிடைக்காது; இந்த வயதில் கூப்பிடுகிறவர்களும் குறைவு. ஆனாலும் அதற்காக ஒரு மாதம்கூட அவள் கூட்டிச் சொன்னதில்லை. வைத்தியலிங்கம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஜூலையில் அவருடைய சிநேகிதர் ராஜ்மோகன் வீட்டு விருந்து வந்தது. பிரான்சிலிருந்து திரும்பிய பழைய சிநேகிதர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிட்டு, ஜோடி ஜோடியாக ஸ்விங் நடனம் ஆடுவார்கள். வாரைக் கட்டினால் வரமாட்டேன் என்றார் வைத்தியலிங்கம். கட்டாவிட்டால் போக முடியாது என்றாள் பூவாயி. கடைசியில் வார் கோட்டுக்குள் போனது. கோட்டின் பின்பக்கம் வெட்டு இருந்தது. கையை நுழைத்தால் பிடி அகப்படும்.

சூப், ரொட்டி, வஞ்சிர மீன் வறுவல். பூவாயி அவர் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள். ராஜ்மோகனின் மனைவி அறிவுமதி, அவளுக்கு அடுப்படியில் தட்டு வைத்திருப்பதாக இரண்டு தடவை வந்து சொன்னாள். அடுப்படி பதினைந்து அடி தள்ளி இருந்தது. பூவாயி போகவில்லை.

பாட்டு போட்டதும் மேஜையை ஓரமாக இழுத்தார்கள். வைத்தியலிங்கம் அறிவுமதியைப் பார்த்து வலது கையை நீட்டினார்.

"நல்ல ஆளுண்ணே நீங்க. விழுந்து வச்சீங்கன்னா கவியாவுக்கு யாரு பதில் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அது பின்பக்கம் திரும்பியது.

"பூவாயி, வா. ஒரே பாட்டு."

மறுத்திருக்கலாம். நாலு பேர் முன்னால் உட்கார வைக்கப்பட்ட நோயாளி மறுநாள் பயிற்சிக்கு எழமாட்டான் என்பது அவள் அனுபவம். எழுப்பினாள். வலது கையைக் கோட்டுக்குள் விட்டு வாரைப் பிடித்தாள். இடது கையை அவருடைய நல்ல கையில் கொடுத்தாள். ஆண்தான் நடத்துவான், பெண் கூடவே போவாள் என்பது அந்த ஆட்டத்தின் முறையாம். இங்கே ஒவ்வோர் அடியையும் வாரை இழுத்து அவள்தான் எடுத்து வைத்தாள். மூன்று தடவை முட்டி மடங்கியது. மூன்று தடவையும் தன் தொடையை முட்டுக் கொடுத்தாள். பார்த்தவர்களுக்கு அது இடுப்பை ஒடித்து ஆடும் வித்தை. அவர் திடீரென்று வலது கையை உயர்த்தியபோது அவள் குனிந்து, ஒரு பிடியை விடுவதற்குள் மறு பிடியைப் பிடித்து, முதுகுப்பக்கமாகச் சுற்றி வந்தாள். வைத்தியலிங்கம் அவளைச் சுழற்றிவிட்டதாகக் கைதட்டினார்கள். ராஜ்மோகன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. ராஜ்மோகன் அனுப்பிய அந்தப் படத்தைக் கவியா பார்த்து அழுதே விட்டாளாம். அழுது முடித்துவிட்டு, பூவாயிக்கு ஆயிரம் நன்றி சொல்லிவிட்டு, இந்த மாதத்தோடு போதும் என்றாள்.

"அது நான் புடிச்சிருந்தேம்மா. கோட்டுக்குள்ள வார் கட்டியிருந்துச்சு."

"வீடியோவுல அப்படி எதுவும் தெரியலையே பூவாயிக்கா. அப்பா, நெசமாவா?"

வைத்தியலிங்கம் பூவாயியைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"வாரும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் ஆடுனேன்."

பூவாயி இருந்த மூன்று வாரமும் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அவரும் வாரைக் கட்டும்போது கையைத் தூக்கிக் கொடுத்தார், ஒன்றும் நடக்காதது போல.

மாதக் கடைசியில் மருந்துச் சீட்டை மேஜையில் வைத்து, வாரைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் பையை எடுத்தாள். கேட்டு வரை வந்து வழியனுப்புகிறேன், எழுப்பிவிடு என்றார் அவர். அவள் ஆணியிலிருந்து வாரை எடுத்தாள்.

"இன்னிக்கு அது வேண்டாம் பூவாயி."

"கட்டாம எழுப்ப மாட்டேங்க."

"சும்மா கையைக் குடு போதும்."

"கையைக் குடுத்ததாலதாங்க இன்னிக்குப் பையை எடுக்கிறேன்."

வைத்தியலிங்கம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். விட்டார். வாரை அவர் மடியில் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். கேட்டைச் சாத்தும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அம்பகரத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் வேகமாகவே நடந்தாள்.