அவள் திரும்பி வருவதற்காகப் போட்ட கூரை

விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் சாண எரிவாயுத் தொட்டிக்குக் கான்கிரீட் கூரை போட்டவர்கள் நாலு பேர் இருக்கலாம். ஒரு குமிழி காற்றுகூட வெளியே போகாத கூரை போட்டவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கொத்தனார் கரணையைப் பிடித்தவன் நான். என் வீடு, பெண்களின் கல்யாணம், ஊரில் இருக்கும் மரியாதை எல்லாமே அந்தக் கரணையில் வந்ததுதான்.

அப்படிப்பட்ட கூரைகளில் முதலாவதை என் வீட்டுக் கொல்லையில் போட்டேன். என் மனைவி கோபித்துக்கொண்டு நல்லூருக்குப் போய் அவள் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் திரும்பி வரவைக்கத்தான் போட்டேன். அவள் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மத்தியானத்தில் வீடு சத்தமில்லாமல் கிடக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது எங்கள் கல்யாணமோ பெண்கள் பிறந்த நாளோ அல்ல. அந்தத் தொட்டி வேலை நடந்த நாட்கள்தான்.

இரண்டாயிரமாம் வருடத்துக்கு அப்புறம் கொஞ்ச காலத்தில் நடந்தது இது. அப்போது நான் விவசாயிகள் வீடுகளில் செங்கல்லால் எரிவாயுத் தொட்டி கட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் விறகடுப்பு.

“ஊரார் வூட்டுல எல்லாம் நீல நெருப்பு எரிய வெச்சுட்டு வரீங்க. நம்ம வூட்டுல நான் ஊதி ஊதி என் கண்ணுல பாதி போச்சு,” என்றாள் ஒருநாள்.

“நமக்குன்னு போட்டா செங்கல்லுல போடுவனா புள்ள? ஒரே கான்கிரீட்டுல போடுவேன். ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான்.”

“இதையே மூணு பொங்கலா சொல்றீங்க. போட்டு, எரிய வெச்சுட்டு ஆள் அனுப்புங்க. அப்ப வரேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது.

செங்கல் கூரையில் ஒவ்வொரு இணைப்பும் காற்றுக்கு ஒரு வழி. ஒரே வார்ப்பில் போட்டால் இணைப்பே இல்லை. அதுதான் என் யோசனை. ஆனால் தட்டையாகப் போட்டால் உள்ளே சேருகிற காற்று மேல்நோக்கித் தள்ளும், கான்கிரீட் விரிசல் விட்டுவிடும். கான்கிரீட்டை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆகவே குப்புறக் கவிழ்த்த கிண்ணம் போல வளைத்து, மேலே மண்ணைக் கொட்டி அழுத்திவிட வேண்டும். பீங்கான் சாமான் செய்கிற எங்கள் ஊரில் மாதிரிக்கா பஞ்சம்? பீங்கான் கம்பெனியில் கழித்துக் கட்டிய கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, விளிம்பைச் சுற்றி நூல் கட்டி, எந்த இடத்தில் வளைவு எவ்வளவு என்று பார்த்துச் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் வரைந்தேன். நூல் இருந்த இடத்தில், விளிம்பு விலகாமல் பிடிக்கக் கம்பி வளையம். கம்பி கட்டி, வார்ப்பை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடித்தேன். டீ குடிக்கக்கூட ஆட்களை விடவில்லை. பிறகு சாக்கை நனைத்துப் போட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். என் மனைவி பல வருடங்கள் பீங்கான் கம்பெனியில் சரக்குத் தட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தவள். கோப்பையைச் சின்னக் குச்சியால் தட்டுவார்கள். ‘நங்’ என்றால் நல்லது, ‘டொக்’ என்றால் எங்கோ கீறல். எங்கள் ஊரில் பூந்தொட்டி வாங்கினாலும் தட்டாமல் வாங்க மாட்டோம். “கூரை போட்டாச்சு, அக்காவை வந்து தட்டிப் பாக்கச் சொல்லு” என்று அவள் தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். தட்ட வந்தவள் தங்கிவிடுவாள் என்பது என் கணக்கு.

வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மம்பட்டிக் காம்பால் கூரையைச் சுற்றிச் சுற்றித் தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்குது. எங்கயும் கீறல் இல்ல.”

“பாத்தியா? யாரு போட்டது!”

“அடுப்பு எரியட்டும், பாக்கலாம். அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் போவணும். போயிட்டு வரேன்.”

போயே போய்விட்டாள்.

மேலே மண்ணைக் கொட்டினேன். சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். கூரைக் குழாயில் என் மட்ட டியூப்பை மாட்டினேன். தரை மட்டம் பார்க்க மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் அடைத்த டியூப்தான். உள்ளே காற்று சேரச் சேர டியூப்பில் தண்ணீர் ஏற வேண்டும். ஏறியது. மறுநாள் காலையில் பார்த்தால் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. இப்படியே தினமும். மாட்டைத் திட்டினேன், தீவனத்தைத் திட்டினேன், வால்வு விற்ற கடைக்காரனைத் திட்டினேன். என் கூரையை மட்டும் சந்தேகப்படவில்லை. அவள் காது சொன்ன பிறகு எப்படிச் சந்தேகப்படுவது?

விஷயம் நல்லூருக்கு எட்டியது. அழைக்காமலேயே வந்தாள். வந்ததும் மண்ணை விலக்கச் சொல்லி, சோப்பைக் கரைத்துக் கூரை முழுக்கத் தடவினாள். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். ஓரிடத்தில் கீறல் வழியாக வந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். உடம்பு முழுக்க வேர்ப்பதுபோலக் கூரை முழுக்கப் பொடிப்பொடியாய்க் குமிழி.

“அடக் கடவுளே,” என்றாள். “இது சூளையில வேவல இல்ல? சத்தம் நல்லா வருது, ஆனா மூச்சு வுடுது.”

“நீதான் நல்லாருக்குன்னு சொன்ன.”

“நான் சொன்னா நீங்க கேக்கற ஆளா? கல்யாணம் ஆனதுல இருந்து இது ஒண்ணுதான் கேட்டிருக்கீங்க!”

தட்டிப் பார்த்து நம்பியது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பீங்கானுக்குச் சொன்ன நியாயம் கான்கிரீட்டுக்குப் பொருந்தாது. உள்பக்கத்தைப் பூசி அடைத்தால்தான் உண்டு.

அவள் அன்றைக்கு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போகவில்லை. தன் காது ஏமாந்த வேலையைப் பாதியில் விட அவளுக்கு மனசில்லை.

தொட்டியைக் காலி செய்து, வாயைத் திறந்து நாட்கணக்கில் ஆறப்போட்டோம். உள்ளே விஷக்காற்று மிச்சமிருக்கிறதா என்று பார்க்கக் கூடையில் ஒரு கோழியைக் கட்டி இறக்கினேன்.

“கோழி செத்தா குழம்பு வெப்பேன். நீங்க செத்தா என்ன பண்றது?”

“நம்ம கூரைக்கு அடியில யாரும் சாவ மாட்டாங்க புள்ள.”

கோழி கத்திக்கொண்டே மேலே வந்தது. நாங்கள் ஏணி வைத்து இறங்கினோம்.

முதலில் பூச்சு. அதன் மேல் சிமெண்டுப் பால். பச்சைக் கோப்பைக்கு மெருகு பூசுவது போல மெல்லிசாக, ஒரு பூச்சு இழுத்துக்கொண்டதும் அடுத்தது என்று அவள் சொன்னாள். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆனாலும் அவள் சொல்லட்டும் என்று விட்டேன். கடைசியில் பெயிண்ட். அண்ணாந்து பூசிப் பூசிக் கழுத்து விட்டுப்போனது. மேலேயிருந்து ஒரு வட்டம் வெளிச்சம் விழும். அதில் அவள் முகத்தில் பாதி மட்டும் தெரியும், மூக்குத்திப் பக்கம். நான் மங்கலம்பேட்டையில் கட்டியது, பெண்ணாடத்தில் கட்டியது என்று அளந்துகொண்டே பூசுவேன்.

“இதுக்குள்ள நீங்க பேசினா பெருமையெல்லாம் ரெண்டு தடவ கேக்குதுங்க,” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் சுற்றி வந்து இரண்டு தடவை கேட்டது.

எங்கள் இருவருக்கும் அவ்வளவு பேச்சு இருந்தது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. சின்ன வயதில் அவள் படிக்க ஆசைப்பட்டதைச் சொன்னாள். என் கோபத்துக்குப் பயந்து சொல்லாமல் விட்டதையெல்லாம் தூரிகையை நிறுத்தாமல் சொன்னாள். இருட்டில் முகம் தெரியாததால் சொல்ல முடிந்ததோ என்னவோ. வேலை முடிந்துவிடக் கூடாது என்று என் ஆயுளில் அந்த ஒரு வேலையில்தான் நினைத்தேன்.

வேலை முடிந்தது. சாணம் ஊற்றி, நாள் விட்டு, ஒரு விடியலில் இருவரும் டியூப்பைப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் முந்தின நாள் ஏறின இடத்திலேயே நின்றது. அவள்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். நீல நெருப்பு பூப்போல விரிந்தது. பால் பொங்கி வந்ததும் இறக்கி வைத்தாள்.

“இனிமே நான் எங்கயும் போவல,” என்றாள்.

கூரையின் பேர் ஒரே வாரத்தில் பரவியது. வளைகுடாவிலிருந்து திரும்பி மங்கலம்பேட்டையில் மாட்டுப்பண்ணை வைத்த பாய் ஒருவர் ஆள் அனுப்பினார். அதற்கடுத்து பெண்ணாடம், அதற்கடுத்து எங்கெங்கோ. வருடக்கணக்கில் எப்போதாவதுதான் வீட்டுக்கு வந்து, ஊரார் வீடுகளிலேயே தங்கிக் கூரை போட்டேன். மங்கலம்பேட்டைக்குக் கிளம்பிய முதல் நாள் விடியற்காலையில் அந்த அடுப்பில் சுடச்சுட டீ போட்டுக் கொடுத்தாள்.

“சாயங்காலம் வந்துடுவீங்கல்ல?”

“வந்துடுவேன் புள்ள,” என்று சொல்லிவிட்டுக் கரணைப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.