கடைசிக் காட்டேஜின் இரும்புக் குழாய்

இது நடந்தது. பட்டப்பகலில், வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது, சோறு வெந்து இறங்கும் நேரத்தில் நடந்தது. பேய் வருவதற்கு இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் திருச்செங்கோட்டுக் கோகிலவாணியிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும். அன்றைய ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு மனப்பாடம். எத்தனை முறை கேட்டாலும் ஒரு நிமிடம் கூட மாற்றிச் சொல்ல மாட்டாள்.

கோகிலவாணியின் கணவன் முருகானந்தத்துக்கு இரண்டு ரிக் வண்டிகள். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற தொழில். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரில் இருப்பான். வடக்கே மழை பிடித்தால்தான் வண்டியும் வரும், அவனும் வருவான். வந்தாலும் வீட்டில் இருப்பதில்லை, பட்டறையிலேயே கிடப்பான். எட்டு வருடத்துக்கு முன் அவன் அப்படி இல்லை. சமையலறையில் வந்து நின்று கத்தரிக்காய் நறுக்கிக் கொடுத்தபடியே ஊர்க்கதை பேசுகிற ஆளாக இருந்தான். பிறகு ஒரு நாள் வாய் மூடிக்கொண்டது. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவான்.

அதனால்தான் இந்த ஆடியில் எப்படியாவது அவனை எங்காவது கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பேசிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். தீவாக இருக்க வேண்டும். அவனால் எழுந்து ஓட முடியாது. அமைதியாக இருக்க வேண்டும். போன் அடிக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் அவளுடைய நிபந்தனை.

நாத்தனார் ஸ்ரீதேவியும் அவளும் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு செல்போனில் தேடினார்கள்.

“மாலத்தீவு போலாமுங்க அண்ணி. தண்ணிக்கு மேலயே ரூம்பு. நானும் கூட வந்து பொட்டி தூக்கறேன்.”

“நீ பொட்டி தூக்குவியா, பொட்டிக்குள்ள இருக்கறதத் தூக்குவியா?”

“அதுவும் செரிதான். ஆனா எங்கண்ணனைக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறதெல்லாம் ஆவற காரியமா? போட்டோக்காரன் சிரிங்கன்னு சொன்னாக்கூட ராடு வெலையக் கேட்டாப்பல முழிக்கற மனுசன்.”

அந்தமானையும் லட்சத்தீவையும் தள்ளிவிட்டு வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பரமத்தி வேலூருக்குக் கீழே, காவிரிக்கு நடுவில் ஒரு திட்டு. மொத்தமே ஆறு காட்டேஜ்கள். சுற்றிலும் தண்ணீர், மூங்கில், வெள்ளைக் கொக்கு. செல்போன் சிக்னல் கிடையாது என்பதையே பெருமையாகப் போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆடித் தள்ளுபடி வேறு.

தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதியதை எல்லாம் கோகிலவாணி ஒன்று விடாமல் படித்தாள். எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்:

‘கடைசிக் காட்டேஜ் வேண்டாம். குழாயில் சத்தம் வருகிறது. மதியம் மட்டும்.’

“காத்து அடைச்சிருக்கும். போர் போடறவன் பொண்டாட்டி கொழாச் சத்தத்துக்குப் பயப்படறதா?” என்று சிரித்தாள்.

போனில் பேசிய தீபிகா என்ற வரவேற்புப் பெண்ணிடம் இருப்பதிலேயே அமைதியான அறையைக் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

“கடைசிக் காட்டேஜ்தாங்க மேடம். ஆனா பன்னெண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் டைனிங் ஹாலுக்கு வந்துரோணும். ரூம்ல இருக்கக் கூடாதுங்க.”

“ஏனுங்க?”

“ரூல்ஸுங்க.”

கோகிலவாணி சரி என்று சொல்லிவிட்டாள். கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கே போகிறோம் என்பது ஆற்றங்கரையில் இறங்கும்போதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரிக் வண்டியில் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஸ்பானரால் இரும்பைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு தட்டினால் ‘நிறுத்து’. இரண்டு தட்டு தட்டினால் ‘ஓட்டு’. குழி வாயில் நின்று துளைக்கும் ராடுகளை மாற்றும் ராடுக்காரன் ஒன்று தட்டினால், மெஷின் ஓட்டும் டிரில்லர் அடுத்த நொடி நிறுத்தியாக வேண்டும். பட்டறையில் விளையாடி வளர்ந்த ஒன்பது வயது மகள் இலக்கியாவுக்குக் கூட அது அத்துப்படி. அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு. பதிலுக்கு கோகிலவாணி அடுப்பங்கரையிலிருந்து இரண்டு தட்டு. முருகானந்தம் வீட்டில் இருந்தால் மட்டும் இந்த விளையாட்டு கிடையாது. ஒருமுறை குழந்தை தம்ளரில் தட்டியதற்கு அவளை அறைந்துவிட்டான். அறைந்துவிட்டு, அவன்தான் அழுதான்.

ஆடி மூன்றாம் நாள், சனிக்கிழமை. காலை 10.50. மூவரும் படகில் ஏறினார்கள்.

காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படகு ஓட்டியவர் அங்கமுத்து; அறுபது வயதிருக்கும். பாதி தூரம் போனதும் முருகானந்தம் எழுந்து நின்றுவிட்டான்.

“இந்தத் திட்டுல முன்ன வாழத்தோட்டம் இருந்துச்சுங்களா?”

“ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் திட்டையே பார்த்தான். அங்கமுத்து படகை ஓட்டுவதை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு சுழலில் ஒருமுறை திரும்பி நேரானது.

இறங்கியதும் அவன் மனைவியின் கையைப் பிடித்தான்.

“போயிரலாம் கோகி.”

“ஒரு நாளுங்க. எட்டு வருசத்துல ஒரே ஒரு நாள் எங்கூட இருங்க. அதுக்கப்புறம் வேணும்னா சத்தீஸ்கருக்கே போய்க் குடியிருந்துக்குங்க.”

அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

11.35. கடைசிக் காட்டேஜ். அழகான அறை. பின்பக்கம் குளியல் முற்றம். கூழாங்கல் பதித்த தரை, பித்தளைச் சொம்பு, பெரிய அண்டா. மூலையில் ஓர் இரும்புக் குழாய், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு நின்றது. பச்சை பெயின்ட் அடித்து, வாய்க்கு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே ஒரு மணிப்ளான்ட் தொட்டி வைத்திருந்தார்கள்.

அது அலங்காரம் இல்லை என்று கோகிலவாணிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கைவிட்ட போர்க் குழியில் மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் குழாய். பெயின்ட் மேல் ஈரமாக ஐந்து விரல் பதிந்திருந்தது. விரல்கள் கீழிருந்து மேலாக... யாரோ பிடித்து ஏறப் பார்த்த மாதிரி.

வேலைக்காரர்கள் யாராவது தொட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

11.55. தீபிகா வந்து கதவைத் தட்டினாள்.

“மேடம், சாப்பாடு ரெடிங்க. எல்லாரும் வந்துருங்க.”

“அஞ்சு நிமிசம் சாமி.”

“லேட் பண்ணாதீங்க மேடம்.” அவள் ஏறக்குறைய ஓடினாள்.

12.03. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கோகிலவாணியை முருகானந்தம் கூப்பிட்டான். கட்டிலின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

“கோகி... உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். எட்டு வருசமா சொல்லோணும்னு இருக்கறது.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். எட்டு வருடமாக அவள் காத்திருந்தது இதற்குத்தானே? சாப்பாடு எங்கே ஓடிவிடப் போகிறது... கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இலக்கியா குளியல் முற்றத்தில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க.”

அவன் வாயைத் திறந்தான்.

டங்.

முற்றத்திலிருந்து. ஒரே ஒரு தட்டு. இரும்பு மேல் இரும்பு.

12.06.

முருகானந்தம் முற்றத்தின் பக்கம் திரும்பினான்.

டங்.

“இலக்கியா, சும்மா இரு கண்ணு” என்றாள் கோகிலவாணி.

“நானில்லம்மா. கொழாய்க்குள்ள இருந்து வருது. நிறுத்தச் சொல்றாங்க.” குழந்தையின் குரலில் சிரிப்பு இருந்தது.

டங். டங். டங். இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் முந்தியதை விடப் பலமாக... கெஞ்சுகிற மாதிரி.

“தட்டிராத சாமி. பதிலுக்குத் தட்டிராத” என்று முருகானந்தம் எழுந்து ஓடினான்.

அதற்குள் இலக்கியா பித்தளைச் சொம்பை எடுத்துவிட்டாள். வீட்டில் அம்மா எப்படிப் பதில் சொல்வாளோ, அப்படியே.

டங்... டங்.

இரண்டு தட்டு.

12.07.

ஒரு நொடி, ஆற்றுச் சத்தம் கூடக் கேட்கவில்லை.

பிறகு தரை அதிர ஆரம்பித்தது. கோகிலவாணிக்கு அந்த அதிர்வு தெரியும். பட்டறையில் ஆயிரம் முறை காலில் உணர்ந்தது. கம்ப்ரசர். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த திட்டில், எந்த மெஷினும் இல்லாத இடத்தில், கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடியது. பாறை அரைபட்ட சூடான கல்மாவின் வாசனை வந்தது.

மணிப்ளான்ட் தொட்டி மேலே பறந்து சுவரில் மோதி நொறுங்கியது. வெல்டிங் செய்த தகடு காகிதம் மாதிரி கிழிந்தது. சாம்பல் நிறச் சேறு பீறிட்டுக் கூரையில் அடித்தது.

இலக்கியா அலறினாள்.

அவள் ஜடை குழாயில் சுற்றியிருந்தது. குழந்தையின் தலை பின்னால் இழுபட்டது. இன்னொரு சுற்று. கழுத்து வளைந்தது.

முருகானந்தம் பாய்ந்தான். வலது கையால் குழாயைப் பிடித்து, இடது கையால் ஜடையை வேரோடு பிய்த்தான். முடியும் தோலும் ரத்தமும் அவன் விரலோடு வந்தன. குழந்தையைத் தூக்கி அறைக்குள் வீசினான்.

அவனால் வர முடியவில்லை.

சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கை மட்டும். துணிக் கையுறை போட்ட வலது கை. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

குழாய் சுற்றவில்லை... அவன்தான் சுற்றினான்.

ஒரு சுற்று. தோள் சுவரில் மோதியது.

இரண்டாவது சுற்று. முழங்கை முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பச்சைக் கரும்பை முறிக்கிற சத்தம்.

மூன்றாவது சுற்று. தரையிலும் சுவரிலும் ரத்தம்.

“சின்னராஜு... நிறுத்துடா... சின்னராஜு...”

அந்தப் பெயரைக் கோகிலவாணி அதுவரை கேட்டதே இல்லை.

நான்காவது சுற்று.

சொம்பு அவள் காலடியில் கிடந்தது. எடுத்தாள். சேற்றில் வழுக்கி விழுந்தாள். முட்டி போட்டுத் தவழ்ந்து போனாள். பலம் கொண்ட மட்டும் குழாயில் அடித்தாள்.

ஒரே ஒரு தட்டு.

டங்.

நின்றது.

எல்லாம் நின்றது. கம்ப்ரசர், சேறு, அலறல்... எல்லாம். முருகானந்தம் கூழாங்கல் மேல் சரிந்தான். வலது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவள் செல்போனைப் பார்த்தாள்.

12.11.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். “எந்த மெஷின்ல மாட்டினாரும்மா?” மெஷின் இல்லை என்றால் நம்பவில்லை. முறுக்கிப் பிய்ந்த எலும்பு. மனிதனாலும் மிருகத்தாலும் அப்படிச் செய்ய முடியாது என்றார். பிய்ந்த கையைக் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். ரிசார்ட் ஆட்கள் முற்றம் முழுவதும் தேடினார்கள். கை கிடைக்கவில்லை.

நான்காம் நாள் படகு ஓட்டிய அங்கமுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். முருகானந்தம் மயக்கத்தில் இருந்தான். அவர் வராந்தாவில் நின்றபடியே பேசினார்.

“எட்டு வருசத்துக்கு முன்ன நாந்தானுங்க அந்த வாழத்தோட்டத்துக்குத் தண்ணி கட்டினவன். பரிசல்ல ரிக்கக் கழட்டிக் கழட்டி ஏத்திட்டு வந்து போர் போட்டாங்க. சின்னராஜுன்னு ஒரு பையன் ராடு மாத்தறதுக்கு நின்னான். மத்தியானம் கையுறை ராடுல மாட்டிருச்சு. ஒத்தத் தட்டு தட்டினானுங்க. தட்டிட்டே இருந்தான்.”

“டிரில்லரு நிறுத்தலைங்களா?”

“சோத்துக்கு நேரமாச்சுன்னு தட்டறான்னு நெனச்சுட்டாருங்க. இன்னும் பத்தடி போனா முடிஞ்சிரும்னு, சிரிச்சுட்டே திருப்பி ரெண்டு தட்டு தட்டினாரு. நா அந்தப் பக்கம் நின்னு கத்தினேன். சத்தத்துல கேக்கல.”

அவர் கட்டில் பக்கம் பார்த்தார்.

“அந்த டிரில்லரு இவருதானுங்க. பையனோட வலது கை குழிக்குள்ள போயிருச்சு. அத எடுக்கவே இல்ல. கையில்லாமத்தான் பொதைச்சாங்க.”

முருகானந்தம் பிழைத்துக்கொண்டான்; இலக்கியாவின் தலைப் புண்ணும் ஆறிவிட்டது. இரண்டு ரிக் வண்டிகளையும் விற்றுவிட்டான். இப்போது எங்கும் போவதில்லை. நாள் முழுவதும் வீட்டில், கோகிலவாணியின் பக்கத்திலேயே இருக்கிறான். சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்துவிட்டான். அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

போன மாதம் தீபிகா போன் செய்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். கடைசிக் காட்டேஜை இடித்து, குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்து, குழியின் மேல் ஐந்தடிக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்களாம்.

“சத்தம் நின்னுருச்சுங்களா?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“இல்லீங்க மேடம். முன்ன ஒரு தட்டுதான் கேக்கும். இப்ப ஒரு தட்டு கேக்குதுங்க... அப்புறம், வேற யாரோ பதில் சொல்ற மாதிரி, ரெண்டு தட்டு கேக்குதுங்க.”

கோகிலவாணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

12.07.

வாசற்படியில் முருகானந்தம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். காற்று இல்லை. மின்விசிறி ஓடவில்லை.

அவனுடைய வலது சட்டைக் கை, உள்ளே ஒன்றுமில்லாத அந்தத் துணி, மெல்ல மேலே எழுந்தது.

காற்றில் இரண்டு முறை தட்டிவிட்டு, இறங்கியது.