சும்மா என்று ஒரு பெயர்

சாப்ட்வேர் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் அரைப்புள்ளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆபீசையே ஒரு நாள் முழுக்க முடக்கிப்போட்ட பிழை, யாரோ விட்டுவிட்ட ஓர் அரைப்புள்ளிதான் என்று கண்டுபிடித்தவர். இருபத்திரண்டு வருட அனுபவம். கம்பெனியை மூடிவிட்டதால் ஐந்து மாதமாக வீட்டில்.

"என்ன சார், வீட்ல சும்மாதானே இருக்கீங்க?" என்பார் எதிர்வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தச் சொல் சுருக்கென்று தைக்கும்.

இரண்டு இன்டர்வியூ போயாயிற்று. இரண்டிலும் கோடிங் டெஸ்ட். திரையில் கடிகாரம் ஓட, முதுகுக்குப் பின்னால் ஒருவர் மூச்சுவிட, தகவல்களைக் கிளைகிளையாக அடுக்கிய 'மரம்' ஒன்றை இடவலமாகத் திருப்பிப்போடும் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் எந்த மேனேஜரும் அவரிடம் மரத்தைத் திருப்பிப்போடச் சொன்னதில்லை. இரண்டிலும் ஒரு வரிகூட எழுத வரவில்லை. மூன்றாவதும் போனால் தொழிலுக்கே முழுக்கு என்று முடிவுகட்டியிருந்தார்.

"வாயைத் திறந்து பேசுங்க. ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்காதீங்க" என்று அனுப்பிவைத்தாள் மனைவி.

மூன்றாவது, ஒரு பார்சல் கம்பெனி. எதிரே இரண்டு பேர், நடுவில் தலைமைப் பொறியாளர் அம்மாள்.

"இது எங்களோட பழைய புரோகிராம். லாரிக்கான மொத்த எடையைத் தப்பா காட்டுது. சரிபண்ணுங்க, முக்கால் மணி நேரம்."

ஏழாவது வரியில் ஆங்கில எழுத்தில் 'summa' என்றிருந்தது. அரைப்புள்ளி அதைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னங்க?"

"சம் எம் ஏ. சம்னா கூட்டல், எம் ஏ-ன்னா மன்த்லி ஆவரேஜ். மாசச் சராசரியோட கூட்டல்னு நினைக்கிறோம். எழுதின மகராசன் யாருன்னு தெரியல."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் முன்பு இவர்களுக்கு இதை எழுதிக்கொடுத்தது அவருடைய பழைய கம்பெனி. அந்த மகராசன் அவரேதான். சொன்னால் இந்த வேலையும் கிடைக்காது. சொல்லாமல் சரிசெய்துவிட்டு நல்ல பெயர் வாங்கலாம். ஆனால் சிரித்த வாய் மூடவில்லை.

"மேடம், அது சம் இல்ல. சும்மா! நம்ம சும்மாதான். பேர் ஒண்ணும் தோணாம, முதல் பார்சலோட எடையை அதுல சும்மா போட்டு வெச்சேன். பின்னாடி வந்தவங்க அதையே மொத்தம்னு எடுத்துக்கிட்டாங்க."

"வெச்சேனா?"

"நான்தாங்க எழுதினேன். ஒழுங்கா பேர் வைக்காதது என் தப்புதான்."

ஓரத்தில் இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு வருஷமா இதுக்கு மீட்டிங் போட்டோமே, ஒருத்தரும் இதைத் தமிழ்ல படிக்கலையே!"

பதினோரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

"மரம் ஏதாவது திருப்பணுங்களா?"

"வேணாம். திங்கக்கிழமை வந்து சேருங்க" என்றார் அம்மாள். "ஆனா இனிமே பேரை ஒழுங்கா வைங்க."

வீடு திரும்பியபோது வாசலில் எதிர்வீட்டுக்காரர். "என்ன சார், சும்மா வெளியில போயிட்டு வரீங்களா?"

"இல்ல சார். சும்மாவைத் தூக்கிப் போட்டுட்டு வரேன்" என்றவர், அவர் விழிப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு உள்ளே மனைவிக்குக் கேட்டது. ஐந்து மாதமாகக் கேட்காத சிரிப்பு. டெஸ்ட் என்னாயிற்று என்று அவள் கேட்கவே இல்லை.